நோட்டிஃபிகேஷனும் போன் சார்ஜும்: சேலம், நாமக்கல் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

"சார்ஜே நிக்க மாட்டேங்குதுங்க" என்று செல்போன் கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். பேட்டரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் போனையே மாற்றுங்கள். அந்தச் செலவுக்கு முன்னால், காசில்லாமல் செய்து பார்க்க ஒரு வேலை இருக்கிறது. விடிந்ததிலிருந்து 'டிங், டிங்' என்று வந்து விழும் நோட்டிஃபிகேஷன்களைத் தரம் பிரிப்பதுதான் அது. முட்டை விலை, லாரி லோடு, தறிக்கூடக் கணக்கு, பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு, கும்பாபிஷேக அழைப்பு, சேலைக் கடைத் தள்ளுபடி எல்லாம் ஒரே போனில் வந்து இறங்கும் ஊர் நம்முடையது. எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. எல்லாவற்றையும் திறந்துவிட்டாலோ மாலைக்குள் போன் படுத்துவிடும்.

1. நோட்டிஃபிகேஷன் என்றாலே சார்ஜைத் தின்னும் என்று நினைக்க வேண்டாம். அதைக் கொண்டுவந்ததே சார்ஜை மிச்சம் பிடிக்கத்தான். அதற்கு முந்தைய முறையில், "புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்று ஒவ்வொரு ஆப்பும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் வந்திருக்காது, கேட்டதற்கான சார்ஜ் மட்டும் போயிருக்கும். ஆப்கள் இப்படிப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது என்று சொல்லித்தான் ஆப்பிள் 2008-இல், புதிதாக ஏதாவது வந்தால் சர்வரே போனுக்குச் சொல்லும் 'புஷ்' முறையை அறிவித்தது. 2009 ஜூனில் ஐபோன்களுக்கு அது வந்தது. 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2-உடன் கூகுளும் அதே வழிக்கு வந்தது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஐம்பது ஆப் இருந்தாலும், அவற்றின் புஷ் செய்திகள் பெரும்பாலும் கூகுள் சர்வரோடு இருக்கும் ஒரே இணைப்பின் வழியாகத்தான் வருகின்றன. ஊருக்கு ஒரே தபால்காரர் எல்லா வீட்டுக் கடிதங்களையும் ஒரு பையில் கொண்டுவருவதுபோல. அந்த இணைப்பைத் திறந்து வைத்திருக்க ஆகும் சார்ஜ் மிகக் குறைவு.

2. அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது? செய்தி வந்த பிறகு நடப்பவற்றில். ஒரு வரிச் செய்தி வந்ததும் தூங்கிக்கொண்டிருந்த போன் விழிக்கிறது, திரை எரிகிறது, மோட்டார் அதிர்கிறது, ஆப் எழுந்து படத்தை இறக்குகிறது, நாமும் கையில் எடுத்துப் பார்க்கிறோம். பார்க்க எடுத்த போனைக் கீழே வைப்பதற்குள் நாலு ரீல்ஸ் ஓடியிருக்கும். இந்தக் கடைசிச் செலவு பேட்டரிக் கணக்கில் ரீல்ஸ் பெயரில் ஏறும். அதைத் தொடங்கி வைத்த 'டிங்'கின் பெயர் அங்கே வராது.

3. கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. மொபைல் டேட்டாவில் ஒரு சின்னச் செய்தி வந்தாலும், போனின் ரேடியோ முழு விழிப்புக்கு வரும். செய்தி வந்து முடிந்ததும் உடனே தூங்காது. இன்னும் ஏதாவது வருமோ என்று சில விநாடிகள் விழித்தபடி காத்திருக்கும். 4ஜி-யில் இது பத்து விநாடி வரைகூடப் போகலாம். பத்துச் செய்தி ஒரே மூச்சில் வந்தால் இந்தக் காத்திருப்பு ஒருமுறைதான். நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து வந்தால் பத்துமுறை. அதனால்தான் விட்டுவிட்டு யாராவது பேசிக்கொண்டே இருக்கும் குழு, ஒரே நேரத்தில் மொத்தமாகப் பேசி ஓயும் குழுவைவிடப் பேட்டரிக்குப் பகை. வீட்டில் வைஃபை இருந்தால் அதில் போடுங்கள். இந்தச் செலவு அங்கே மிகவும் குறைவு.

4. குற்றவாளி யார் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதிக்குப் போனால் எந்த ஆப் எத்தனை சதவீதம் தின்றது என்று தெரியும். 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில், இன்று எந்த ஆப்பிலிருந்து எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்ற எண்ணிக்கையே இருக்கும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதி. ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் முதலில் நிற்கும், அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம், மூன்றாம் இடத்தில், நீங்கள் மாதக்கணக்கில் திறந்தே பார்க்காத ஏதாவது ஒரு ஷாப்பிங் ஆப்போ விளையாட்டோ நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

5. நிறுத்துவதற்கு செட்டிங்ஸில் அலைய வேண்டாம். வேண்டாத நோட்டிஃபிகேஷன் வந்ததும் தள்ளிவிடாமல், அதன் மேலேயே விரலை அழுத்திப் பிடியுங்கள். நிறுத்தும் பொத்தான் அங்கேயே வரும். ஒரு வாரம் இப்படி வர வர நிறுத்தினால் போன் தானாக அமைதியாகிவிடும். உட்கார்ந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்வதைவிட இது சுலபம், வேண்டியதைத் தெரியாமல் நிறுத்திவிடும் பயமும் இல்லை.

6. ஆண்ட்ராய்டு 8-உம் அதற்குப் பிறகு வந்தவையும் உள்ள போன்களில் ஒரே ஆப்பின் நோட்டிஃபிகேஷன்களையும் வகை பிரித்து நிறுத்த முடியும். பொருள் வீட்டுக்கு வரும் தகவல் இருக்கட்டும், "உங்களுக்காகவே ஒரு சலுகை" மட்டும் வேண்டாம் என்று அணைத்துவிடலாம். பணப் பரிமாற்ற ஆப்களிலும் இப்படித்தான்: பணம் வந்த தகவலும் கடன் வேண்டுமா என்ற விளம்பரமும் தனித்தனி வகையாக இருந்தால் இரண்டாவதை அணையுங்கள்.

7. ஆண்ட்ராய்டு 13 முதல், அதாவது 2022-இலிருந்து, புதிதாகப் போடும் ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்கள் அனுமதியைக் கேட்டாக வேண்டும். கேட்கும்போது பழக்கத்தில் 'அனுமதி' என்று தட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்று சொன்னாலும் ஆப் வேலை செய்யும். பழைய போன்களில் கேள்வியே இல்லை. எல்லா ஆப்புக்கும் தானாகவே அனுமதி உண்டு. அம்மாயிக்கும் அப்பச்சிக்கும் வீட்டுப் பழைய போனைக் கொடுத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் போன்களில்தான் கூச்சல் அதிகம்.

8. வாட்ஸ்அப் குழுக்கள். நம் பக்கம் இதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை அறிவித்தால், பண்ணைக்காரர் குழு, தீவன வியாபாரிகள் குழு, கோழி டாக்டர் குழு, சொந்தக்காரர் குழு என்று எல்லாவற்றிலும் அதே விலை வந்து விழும். விலை ஒன்றுதான், டிங் பத்து. ஒரே ஒரு குழுவை மட்டும் சத்தத்தோடு வைத்துக்கொண்டு மற்றவற்றை 'மியூட்' செய்யுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று வாய்ப்பு இருக்கும். 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். குழுவை விட்டு வெளியேறினால்தானே மனஸ்தாபம்? மியூட் செய்தது யாருக்கும் தெரியாது.

மியூட் செய்தாலும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சத்தமும் அதிர்வும்தான் நிற்கும். படங்கள் தானாக இறங்குவதைத் தனியாக நிறுத்த வேண்டும். அடுத்த குறிப்பு அதற்குத்தான்.

9. 'காலை வணக்கம்' படங்கள். ஒரு ரோஜாப்பூ, ஒரு காபி டம்ளர், ஒரு முருகன். இந்தப் படம் உங்கள் போனில் செய்யும் வேலையைப் பாருங்கள். முதலில் தானாக இறங்குகிறது. பிறகு கேலரியில் சேர்கிறது. வாட்ஸ்அப் படங்களையும் கூகுள் போட்டோஸில் சேமிக்கச் சொல்லியிருந்தால், இறங்கிய படம் மறுபடி இணையத்துக்கு ஏறுகிறது. ஒரு வணக்கத்துக்கு இரண்டு பயணம். வீடியோ என்றால் இன்னும் மோசம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், மொபைல் டேட்டாவில் படம், ஆடியோ, வீடியோ எதுவும் தானாக இறங்காதபடி எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தட்டினால் இறங்கிக்கொள்ளும். கூகுள் போட்டோஸிலும் வாட்ஸ்அப் போல்டரைச் சேமிக்கும் பட்டியலிலிருந்து எடுங்கள். இந்த ஒரு மாற்றம் பேட்டரி, டேட்டா, மெமரி மூன்றுக்கும் உதவும். நேரமில்லாதவர்கள் இந்தக் கட்டுரையில் இதை மட்டும் செய்தாலே போதும்.

10. திரை எரிவதை நிறுத்துங்கள். போனில் அதிகம் சார்ஜ் தின்னும் பாகம் பெரும்பாலும் திரைதான். நோட்டிஃபிகேஷன் வரும்போதெல்லாம் திரை எழ வேண்டுமா என்று கேட்கும் ஒரு வசதி பல போன்களில் லாக் ஸ்கிரீன் பகுதியில் இருக்கும். அதை அணைத்தால் செய்தி வரும், சத்தமும் வரும், திரை மட்டும் தூங்கும். எப்போதும் மணி காட்டிக்கொண்டிருக்கும் திரை வசதியும் தேவையில்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறதே.

11. கேமரா விளக்கு மின்னி அழைப்பைச் சொல்லும் வசதியைப் பலர் அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் அது அழகில்லை, அவசியம். தறிச் சத்தத்தில் மணி எங்கே கேட்கும்? அங்கே அழைப்புக்கு மட்டும் விளக்கை வைத்துக்கொண்டு, மெசேஜுக்கு மின்னுவதை அணையுங்கள். தறிச் சத்தம் இல்லாத மற்றவர்கள் இரண்டையும் அணைக்கலாம்.

12. இணையத்தில் ஏதாவது பார்க்கும்போது, 'இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப விரும்புகிறது' என்று ஒரு கட்டம் வரும். சீக்கிரம் போகட்டும் என்று பெரியவர்கள் 'அனுமதி' என்று தட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து ஜோசியம், சினிமாக் கிசுகிசு, எடை குறைப்பு மாத்திரை என்று வரிசையாக வரும். "உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே தட்டவும்" என்று பயமுறுத்துவதும் பெரும்பாலும் இந்த வழியில் வருவதுதான். வைரஸ் எதுவும் இருக்காது. அதைத் தட்டினால்தான் வம்பு. ஆப்பை நீக்கினால் போய்விடும் என்று ஆப்பைத் தேடுவார்கள். இதற்கு ஆப்பே கிடையாது, குரோம் வழியாக வருகிறது. குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி, செட்டிங்ஸ், பிறகு 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய், அனுமதி பெற்ற தளங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிடலாம்.

13. எஸ்எம்எஸ் வேறு, ஆப் நோட்டிஃபிகேஷன் வேறு. வங்கியின் எஸ்எம்எஸ், ஓடிபி ஆகியவை டேட்டா வழியாக வருவதில்லை. டேட்டாவை அணைத்தாலும், ஷாப்பிங் ஆப்பை வாயடைத்தாலும் அவை வரும். "ஓடிபி வராதுங்களே" என்று பயந்து எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. விளம்பர அழைப்புகளையும் விளம்பர எஸ்எம்எஸ்களையும் நிறுத்த, START 0 என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஓடிபி-யை அது தடுக்காது.

14. இப்போது எதிர்ப்பக்கம். நிறுத்தவே கூடாதவை சில உண்டு. காவிரிக் கரையில், அதாவது மேட்டூருக்குக் கீழே குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்தபோது, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறக்கும் ஆண்டுகளில் ஒரு மணி நேர முன்னறிவிப்பே பெரிய உதவி. பீரோவிலிருந்து பத்திரங்களையாவது எடுத்துக்கொள்ளலாம்.

தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பில் மழை, வெள்ள எச்சரிக்கை, அணை நீர்மட்டம் ஆகியவை தமிழிலேயே வரும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்', இடிமின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' ஆகியவையும் உண்டு. மூன்றும் வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். போட்டுக்கொண்டதற்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுங்கள். இவை எச்சரிக்கை இருக்கும்போதுதான் வாய் திறக்கும். பேட்டரிக்கு இவற்றால் பெரிய கேடில்லை.

2023-இல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறி, அவசர எச்சரிக்கைச் சோதனை என்று ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அது எந்த ஆப்பும் அனுப்பியதில்லை. டவர் தன் எல்லையிலுள்ள எல்லா போனுக்கும் ஒரே சமயத்தில் ஒலிபரப்புவது. டேட்டா இல்லாவிட்டாலும் வரும். சத்தம் பிடிக்காமல் அன்றைக்கே செட்டிங்ஸில் அதை அணைத்தவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து மறுபடி போட்டுவிடுங்கள்.

15. தோட்டத்து மோட்டாரை மொபைல் ஸ்டார்ட்டரில் ஓட்டுபவர்களுக்கு. த்ரீ பேஸ் கரண்ட் வந்தது, மோட்டார் நின்றது என்று சொல்லும் தகவல் எஸ்எம்எஸ்ஸாகவோ அழைப்பாகவோ வந்தால் கவலையில்லை. ஆப் வழியாக வருவதானால், போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சியோமி, ரியல்மி, ஓப்போ, விவோ போன்ற போன்கள் சார்ஜை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணி ஆப்களைக் கொஞ்சம் கடுமையாகவே அடக்கும். ஆப்பைத் திறந்தால்தான் தகவல் கொட்டுகிறது, அதுவரை வருவதில்லை என்றால் காரணம் இதுதான். அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதியில் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள். பண்ணையின் சிசிடிவி ஆப்புக்கும் இதே வழி. இந்தச் சலுகையை இரண்டு மூன்று ஆப்புக்குமேல் கொடுக்காதீர்கள். ஷாப்பிங், விளையாட்டு ஆப்களுக்கு நேர்மாறாக 'கட்டுப்படுத்து' என்பதைப் போடுங்கள்.

16. லாரி ஓட்டுநர்கள், போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் வீட்டினருக்கு. லோடு தேடும் ஆப்களில் சில, நீங்கள் இருக்கும் இடத்தை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி கேட்கும். பக்கத்து ஊரில் லோடு இருக்கிறது என்று சொல்ல அதற்கு அது வேண்டும். வண்டி லோடோடு போய்க்கொண்டிருக்கும்போது அந்தத் தகவல் யாருக்கு? 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றி வையுங்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வடமாநிலம் போயிருப்பவர், ராத்திரி வீட்டுக்குப் பேசும் நேரத்தில் போன் அணைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

17. டவர் கிடைக்காத இடத்தில் நோட்டிஃபிகேஷன் இன்னும் விலை கூடியது. சிக்னல் பலவீனமானால் போன் தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. டவரைத் தேடிக்கொண்டும் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் நேரத்தில், ஓரிரு வளைவுக்கு ஒருமுறை சிக்னல் வந்து போகும் இடங்களில், ஒன்றும் செய்யாமலே சார்ஜ் இறங்குவது இதனால்தான். வண்டியில் இன்னொருவரிடம் போன் இருந்தால் உங்களுடையதை ஃபிளைட் மோடில் போடுங்கள். வீட்டில் 5ஜி வந்து வந்து போகிறது என்றால் 4ஜி-யிலேயே நிறுத்தி வையுங்கள். நோட்டிஃபிகேஷன் வர 4ஜி தாராளம்.

18. சூடு. மற்றக் குறிப்புகள் பெரும்பாலும் இன்றைய சார்ஜைப் பற்றியவை, இது பேட்டரியின் ஆயுளைப் பற்றியது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை, வைகாசியில் சேலமும் நாமக்கல்லும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். அது கிட்டத்தட்ட 38 செல்சியஸ். வெயில் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வரும் கரூர் பரமத்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம்முடைய பரமத்தி வேலூர் இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. மூடிய லாரி கேபினின் டேஷ்போர்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பைக் பெட்ரோல் டேங்க் கவர் ஆகிய இடங்களில் வெளி வெயிலைவிடச் சூடு அதிகம். லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சூட்டில் நிரந்தரமாகக் குறையும். குறைந்தது திரும்பாது.

சூடான இடத்தில், சார்ஜில் போட்டபடி, மேப்பும் ஓடி, நோட்டிஃபிகேஷனும் வந்துகொண்டிருக்கும் போன்தான் சீக்கிரம் கெடும் போன். சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள். சுட்டால் ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உள்ளே ஈரம் கோத்துப் போனே போய்விடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும்.

19. பின்னணியிலிருக்கும் ஆப்களை நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளித் தள்ளி மூடுவதால் பயனில்லை. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிகம் செலவாகும். பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஆப்களையும் நீக்குங்கள். பேட்டரியைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவையே நாலு நோட்டிஃபிகேஷன் அனுப்பும்.

20. ஆப்பை அப்டேட் செய்து வையுங்கள். சில சமயம் தவறு நம் செட்டிங்ஸில் இருக்காது, ஆப்பிலேயே இருக்கும். 2015 அக்டோபரில் ஐபோன்களில் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியை உறிஞ்சியபோது, தங்கள் மென்பொருளில் குறை இருந்ததை ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. ஒரே நாளில் திடீரென்று சார்ஜ் நிற்காமல் போனால் இதைச் சந்தேகப்படலாம். மெல்ல மெல்லக் குறைந்தால் அது பேட்டரியின் வயது.

21. மின்சாரமில்லாத நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் வர மதியமோ மாலையோ ஆகும். அன்று பேட்டரி சேவரை 15 சதவீதத்தில் போன் கேட்கும்வரை காத்திருக்காமல், 9 மணிக்கே போடுங்கள். அது பின்னணி வேலைகளைக் குறைக்கும். நோட்டிஃபிகேஷன் சில தாமதமாக வரும், அழைப்புகள் வழக்கம்போல வரும். மின்தடை புகாருக்கான மின்னகம் எண் 94987 94987. அதை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் எண்ணைத் தேடி இணையத்தில் அலைவதும் சார்ஜ் செலவுதான்.

22. ராத்திரி. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போனை ஆண்ட்ராய்டு ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொண்டுபோகும். 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த வசதி இது. அவசரமல்லாத வேலைகளை ஒன்றாகச் சேர்த்து, எப்போதாவது ஒருமுறை விழித்து முடித்துக்கொள்ளும். அதனால் போனைக் கட்டிலில் பக்கத்தில் போட்டு உருட்டாமல் மேசைமேல் வையுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, பண்ணைக் காவலர், வயதான பெற்றோர், வெளியூரில் படிக்கும் பிள்ளை ஆகியோரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி விதிவிலக்குக் கொடுங்கள். நடுராத்திரியில் ஜெனரேட்டர் ஓடாமல் போனால் காவலர் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார், கூப்பிடுவார்.

23. பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. இரவு படுக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம், காலையில் எத்தனை என்று காலண்டர் தாளில் குறியுங்கள். குறிப்பு 8, 9, 12 மூன்றையும் செய்த பிறகு சில இரவுகள் மறுபடி குறியுங்கள். போனைத் தொடாத இரவு நேரத்தில் இறங்கும் சார்ஜ்தான் பின்னணியில் போன சார்ஜ். அது குறைந்திருந்தால் குறிப்புகள் வேலை செய்தன. குறையவில்லை, பகலில் மட்டும்தான் ஓட்டை என்றால் நோட்டிஃபிகேஷனைக் குற்றம் சொல்லாதீர்கள். வீடியோ, விளையாட்டு, ஹாட்ஸ்பாட் இவற்றில் ஏதோ ஒன்று.

24. பேட்டரியே கிழடாகிவிட்டால் எந்தக் குறிப்பும் உதவாது. ஐபோனில் 'பேட்டரி ஹெல்த்' 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றும் நேரம். ஆண்ட்ராய்டு போனில், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்து போவது அடையாளம். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலோ அந்த நிமிடமே சார்ஜில் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது இரண்டும் தீயில் முடியலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் தராதீர்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.